ஆகாயம் எல்லோருக்கும் பொது

(ஒரு கிராமப் படிப்பகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிலாவும் கிரகங்களும் மாதாமாதம் ஆகாயத்தில் நகருவதைப் பற்றியதாகும். “இதென்ன, சோற்றுக்கும் கூலிக்கும் வழி பேசாமல் ஆகாயத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே!” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்முடைய சோற்றிலும் கூலியிலும் ஆகாயத்தின் பெயரால் எவ்வளவு கை வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்குக் கலியாணம் ஆகவில்லையென்றால் செவ்வாய் தடுக்கிறதாம். வியாபாரம் படுத்துவிட்டால் சனி பிடித்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் சந்திராஷ்டமம் என்று இரண்டு நாள் தள்ளிப் போடுகிறான். ஆகாயத்தில் இருக்கிற எதுவும் இதுவரை நம்மிடம் வந்து ஒரு காசு கேட்டதில்லை. அதன் பேரைச் சொல்லிக் காசு கேட்கிறவர்கள்தான் பூமியில் இருக்கிறார்கள்.

தோழர்களே! கோவிலுக்குள் வரக்கூடாதென்று ஒரு காலத்தில் நம்மில் பலரைத் தடுத்தார்கள். குளத்தில் இறங்கக்கூடாதென்று தடுத்தார்கள். ஆகாயத்தைப் பார்க்கக்கூடாதென்று மாத்திரம் எவராலும் தடுக்க முடியவில்லை. குடிசைக்கு மேலும் மாளிகைக்கு மேலும் அது ஒன்றுதான். ஆனால் அதைப் பற்றிய கணக்கைப் புரியாத வார்த்தைகளில் எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் பூட்டி வைத்துவிட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்கச் சாவி ஒன்றும் வேண்டாம். தலையைத் தூக்கிப் பார்க்கக் கழுத்தும், ஒரு மாதம் பொறுமையும் இருந்தால் போதும்.

நிலாவின் ஒரு மாதம்

முதலில் நிலாவை எடுத்துக்கொள்வோம். அமாவாசை கழித்து மூன்றாம் பிறையன்று சூரியன் மறைந்தவுடன் மேற்கே பாருங்கள். மெல்லிய கீற்றாக நிலா தெரியும். சிறிது நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். பக்கத்தில் ஏதாவது ஒரு நட்சத்திரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நிலா கிழக்குப் பக்கமாக நகர்ந்திருக்கும். எவ்வளவு தூரம்? கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது ஆகாயத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். நிலா ஒரு நாளைக்கு நட்சத்திரங்களுக்கு நடுவே சுமார் 13 பாகை, அதாவது ஒரு முஷ்டியும் இன்னும் கொஞ்சமும் நகர்ந்திருக்கும். இதனால்தான் அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிஷம் தாமதித்து உதிக்கிறது.

இப்படி நகர்ந்து, புறப்பட்ட நட்சத்திரத்துக்கே நிலா திரும்பி வர 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகிறது. அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரம் என்று நம் முன்னோர்கள் வைத்ததற்குக் காரணம் இதுதான். நாளுக்கு ஒரு சத்திரம் தங்கிப் போகிற வழிப்போக்கனைப்போல நிலா போகிறது என்று கண்ணால் பார்த்து, எண்ணி, கணக்கு வைத்தார்கள். இது நல்ல அறிவு. இதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணினால் 27 நாள் அல்ல, இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. இந்த இரண்டு நாள் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கடிகாரத்தைப் பாருங்கள். 12 மணிக்கு இரண்டு முள்ளும் சேர்ந்து நிற்கின்றன. பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றி 12-க்கு வரும்போது சின்ன முள் அங்கே காத்திருக்கிறதா? அது 1-க்குப் போய்விட்டது. அதைப் பிடிக்கப் பெரிய முள் இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது. அதைப்போலவே, நிலா பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் வழியில் கொஞ்ச தூரம் போய்விடுகிறது. அதனால் சூரியன் இருக்கும் திசை மாறிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட நிலாவுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். இதில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை.

திதி என்பதும் இதே கணக்குத்தான். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதி. எட்டாவது திதி அஷ்டமி. அன்றைக்கு நிலாவில் ஏறக்குறையப் பாதி நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அவ்வளவுதான் அஷ்டமி. வளர்பிறை அஷ்டமியில் பொழுது சாயும்போது நிலா தலைக்கு மேலே நின்று, ஏறக்குறைய நடுச்சாமம் வரை வெளிச்சம் தருகிறது. விளக்கில்லாத காலத்தில் களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் எது? அந்த நாளைப் பார்த்து, “இன்றைக்கு ஒன்றும் துவக்காதே” என்று சொன்னால் என்ன அர்த்தம்? பாதி நிலா செய்த குற்றம் என்ன? முப்பது திதியில் இரண்டு அஷ்டமி, இரண்டு நவமி, ஆக நான்கு போய்விட்டது. கரிநாள் என்று சில போய்விட்டது. இதற்கு மேல் ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, ஆகத் தினமும் மூன்று மணி நேரம் போய்விட்டது. மாதச் சம்பளக்காரனுக்கு இதனால் நஷ்டமில்லை. அன்றாடம் காய்ச்சுகிறவன் கணக்குப் பார்க்கட்டும்.

ராகுகாலத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம் என்கிறார்கள். இது ஆகாயத்தைப் பார்த்துப் போட்ட கணக்கா? இல்லை. கிழமையைப் பார்த்துப் போட்டது. கிழமையோ மனிதன் வைத்த எண்ணிக்கை. ஏழரை மணிக்கு ஆகாயத்தில் எதுவும் கதவைத் திறந்துகொண்டு வருவதில்லை. ஒன்பது மணிக்கு எதுவும் கதவைச் சாத்திக்கொண்டு போவதுமில்லை. ரயிலும் பஸ்ஸும் அந்த நேரத்திலும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எமகண்டத்தில் புறப்படுகிற பஸ்ஸில் ஜோசியரும் உட்கார்ந்துதான் போகிறார்.

பதினோரு கோடிப் பேருக்கு ஒரே ஆபத்தா?

நிலா பன்னிரண்டு ராசியையும் 27 நாளில் சுற்றுகிறபடியால் ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள் இருக்கிறது. ஒருவன் பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் நிலா வந்தால் அது சந்திராஷ்டமம். நாட்காட்டியில் தினமும் அச்சடித்து வருகிறது. இதன் அர்த்தத்தைக் கணக்காகப் பாருங்கள். எந்த நாளை எடுத்தாலும், பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சந்திராஷ்டமம் இருந்தே தீரும். இந்த நாட்டின் ஜனத்தொகையை 140 கோடி என்று வைத்தால், ஒவ்வொரு நாளும் 11 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து! அந்தப் பதினோரு கோடிப் பேரில் டாக்டர் உண்டு, டிரைவர் உண்டு, சமையற்காரர் உண்டு, ஜட்ஜ் உண்டு. அவர்களெல்லாம் வேலை செய்யாமல் உட்கார்ந்தால் நாடு நடக்குமா? அவர்கள் வேலை செய்வதால்தான் நாடு நடக்கிறது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை மாத்திரம் ஏன் இரண்டு நாள் வீட்டில் கிடத்த வேண்டும்?

நேரம் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காரணத்தோடு பார்ப்பது அறிவு. 2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் 23-ந் தேதி மாலை சந்திரயான்-3 நிலாவில் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கிற்று. அந்த நாளையும் பார்த்துத்தான் வைத்தார்கள். எதற்காக? நிலாவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். இறங்குகிற இடத்தில் பொழுது விடிகிற சமயமாகப் பார்த்து இறங்கினால்தான் 14 நாளும் வெயில் கிடைக்கும். வெயிலில்தான் அந்தக் கருவிக்கு மின்சாரம். ஏர் பூட்டுகிறவன் மழையைப் பார்ப்பதும், மீன் பிடிக்கிறவன் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்ப்பதும் இப்படிப்பட்டவைதான். ஏன் என்று கேட்டால் பதில் வர வேண்டும். “ஏன் என்று கேட்காதே” என்று வந்தால் அது கணக்கல்ல.

கிரகங்கள் போகும் வழி

நிற்க, நிலா போகிற பாதையையே தொடர்ந்து பார்த்து வந்தால் கிரகங்களும் தாமாகவே அகப்படும். அந்தப் பாதையை ஒட்டி, மினுக்காமல் நிதானமாகப் பிரகாசிக்கிற சில புள்ளிகள் உண்டு. அவைதான் கிரகங்கள். மாதத்துக்கு ஒருமுறை நிலா அவை ஒவ்வொன்றின் பக்கமாகவும் கடந்து போகும். சூரியனுக்கு வெகு அருகில் இருந்து வெளிச்சத்தில் மறைந்திருக்கிற காலம் தவிர மற்றபடி அதை நீங்களே பார்க்கலாம். வெள்ளி எப்போதும் மாலையில் மேற்கிலோ, விடியலில் கிழக்கிலோதான் தெரியும். நடுராத்திரியில் நம் தலைக்கு மேலே ஒருநாளும் வராது. ஏனென்றால் அது நம்மைவிடச் சூரியனுக்குக் கிட்டத்தில் சுற்றுகிறது. சூரியனை விட்டு ஐந்து முஷ்டிக்கு மேல் அது விலகித் தெரிய முடியாது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம்; ஆகையால் ராசிக்கு ஒரு வருஷம். சனி சுற்ற இருபத்தொன்பதரை வருஷம். ஆகையால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். மூன்று இரண்டரையைக் கூட்டி ஏழரை என்று பயமுறுத்துகிறார்கள்.

நிலாவும் வியாழனும் பக்கத்தில் தெரிந்தால் ஒரு யோகம் என்கிறார்கள். பக்கத்தில் தெரிவது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு. நிலாவின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரச் சுமார் ஒன்றேகால் வினாடி. வியாழனிலிருந்து வரக் குறைந்தது அரைமணி நேரத்துக்கு மேல். சனியிலிருந்து வர ஒரு மணிக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் தென்னங்கீற்றும் தூரத்து மலையும் ஒட்டிக்கொண்டுதான் தெரியும். அதற்காக மலை தென்னையில் காய்த்தது என்று யாராவது சொல்லுவார்களா?

இன்னொரு பூச்சாண்டி வக்கிரம் என்பது. கிழக்கே போய்க்கொண்டிருந்த கிரகம் திடீரென்று நின்று மேற்கே திரும்புகிறது. 2024 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை சுமார் 80 நாள் செவ்வாய் இப்படிக் கடகத்திலிருந்து மிதுனத்துக்குப் பின்னாலே போனதை எவரும் கண்ணால் பார்த்திருக்கலாம். கிரகத்துக்குக் கோபமா? ரயிலில் போயிருக்கிறீர்கள். ஒரே திசையில் இரண்டு ரயில் போகும்போது, நம்முடைய ரயில் வேகமாகப் போய் மற்றதைத் தாண்டினால், அந்த ரயில் பின்னுக்குப் போவதுபோல் தெரிகிறது அல்லவா? பூமி 365 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. செவ்வாய்க்கு 687 நாள் வேண்டும். நாம் அதைத் தாண்டுகிற போதெல்லாம் அது பின்னுக்குப் போவதாகத் தெரிகிறது. 1543-ஆம் வருஷம் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட புத்தகத்திலிருந்தே இந்த விளக்கம் உலகத்துக்குக் கிடைத்துவிட்டது. நானூற்றெண்பது வருஷத்துக்கு மேலாகியும் வக்கிரத்துக்குப் பரிகாரம் செய்கிறோம்.

ராகு, கேது என்று இரண்டு கிரகம் சொல்லுகிறார்களே, அவற்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். காட்ட முடியாது, ஏனெனில் அவை பொருள்கள் அல்ல. நிலாவின் பாதை சூரியன் தெரிகிற பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதையும் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு இடத்துக்கு வைத்த பெயர்தான் ராகுவும் கேதுவும். அந்த இடத்தை ஒட்டிப் பௌர்ணமி வந்தால் பூமியின் நிழல் நிலாவில் விழுகிறது. அமாவாசை வந்தால் நிலா சூரியனை மறைக்கிறது. கி.பி. 499-ஐ ஒட்டித் தம் நூலை எழுதிய ஆரியபட்டரே கிரகணத்துக்குக் காரணம் நிழல் என்று கணக்கோடு சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் பாம்புக் கதை நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 7-ந் தேதி இரவு பதினோரு மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலா முழுதும் சிவந்து நின்றது. பார்த்தவர்களுக்குச் செலவு இல்லை; கெடுதி இல்லை. கர்ப்பிணிகளை உள்ளே பூட்டி, சோறு தண்ணீர் கொடுக்காமல் வைத்த வீடுகளில்தான் கெடுதி நடந்தது. அதைச் செய்தது பாம்பல்ல, அறியாமை.

செவ்வாய் தோஷத்தின் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். லக்கினம் என்பது என்ன? குழந்தை பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி. பூமி ஒரு நாளில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால் பன்னிரண்டு ராசியும் ஒரு நாளில் உதித்து முடிகின்றன. ஒன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். செவ்வாயோ ஒரு ராசியிலேயே சராசரி ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கிறது. ஆகவே வருஷத்தில் எந்த நாளை எடுத்தாலும், ஐந்து லக்கினத்துக்குச் சுமார் பத்து மணி நேரம், பிறக்கிற குழந்தை அத்தனையும் தோஷக் குழந்தை! பன்னிரண்டில் ஐந்து.

இது போதாதென்று நிலா இருக்கும் ராசியிலிருந்தும் இதே ஐந்து இடத்தை எண்ண வேண்டுமாம். இரண்டையும் சேர்த்தால் 12 பெருக்கல் 12, ஆக 144 வகை. இதில் இரண்டிலும் தப்புகிறவை 7 பெருக்கல் 7, ஆக 49. மீதி 95 வகையும் ஏதாவது ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவு பேரையும் தள்ளிவிட்டால் கலியாணமே நடக்காது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் “இந்த ராசியில் இருந்தால் தோஷமில்லை, குரு பார்த்தால் தோஷமில்லை” என்று விலக்குகளையும் எழுதி வைத்தார்கள். வலையும் அவர்களுடையது, அதை அவிழ்க்கிற கூலியும் அவர்களுடையது.

இந்த வலையில் உண்மையாக அகப்பட்டுக்கொள்கிறவர் யார்? வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் ஜாதகத்துக்கு விலக்குக் கிடைத்துவிடுகிறது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் தோஷம் கெட்டியாக நிற்கிறது. படித்தவள், உழைப்பவள், நல்ல குணமுள்ளவள், முப்பது வயதைத் தாண்டியும், “ஜாதகம் பொருந்தவில்லை” என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். தன்மேல் ஏதோ குறை இருக்கிறது, தான் தொட்டது துலங்காது என்று அவளையே நம்பச் செய்துவிடுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது? செவ்வாய் என்பது பூமியில் பாதி குறுக்களவுள்ள, துருப்பிடித்த மண்ணாலான ஓர் உருண்டை. 2013 நவம்பர் 5-ந் தேதி, அதுவும் செவ்வாய்க்கிழமையன்றே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அங்கிருந்து படங்களை அனுப்பிற்று. அவற்றில் மலை இருந்தது, பள்ளம் இருந்தது, புழுதி இருந்தது. எந்தப் பெண்ணின் மேலும் விரோதம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கு இரண்டு தேதி

கிரகங்கள் பலன் தருவது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அது எந்த நாளில் என்றாவது ஒரே மாதிரி சொல்ல வேண்டாமா? சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17 என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லிற்று. 2023 டிசம்பர் 20 என்று வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லிற்று. திருநள்ளாற்றில் டிசம்பரில்தான் விழா நடந்தது. நடுவே பதினோரு மாதம்! வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களைத் திருத்தாமல் போடுகிற கணக்கு. திருக்கணிதம் இன்றைய வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. டிசம்பர் விழாவன்று திருக்கணிதப்படி சனி எல்லையைத் தாண்டி ஏழெட்டுப் பாகை, அதாவது முழுநிலாவைப் பதினைந்து தடவை வரிசையாக வைக்கிற தூரம் போய்விட்டிருந்தது. இந்தப் பதினோரு மாதம் ஏழரைச்சனி இருந்ததா, இல்லையா? கஷ்டப்பட்டவர்கள் எந்தப் பஞ்சாங்கப்படி கஷ்டப்பட்டார்கள்? ராசிக்கு ராசி ஆகாயத்தில் வரப்பு இல்லை, வேலி இல்லை. கோடு போட்டவன் மனிதன். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே சண்டை!

“அப்படியானால் பஞ்சாங்கத்தில் போட்ட கிரகணம் சொன்னபடி நடக்கிறதே?” என்று கேட்கலாம். நடக்கும். அது கணக்கு. எவர் போட்டாலும் அதே விடைதான் வரும். கணக்குச் சரியாக இருப்பதைக் காட்டி, அதன் பக்கத்தில் பலனை ஒட்டி விற்கிறார்கள். நல்ல அரிசியைக் காட்டிக் கல்லையும் சேர்த்து அளப்பதுபோல. “நிலா கடலையே இழுக்கிறதே, மனிதனை இழுக்காதா?” என்றும் கேட்பார்கள். பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நிலாவின் இழுப்பில் வித்தியாசம் இருப்பதால் மாபெரும் கடலில் ஏற்றவற்றம் உண்டாகிறது. உங்கள் கிணற்றில் நீர் அதற்காகப் பொங்குகிறதா? குடத்தில் பொங்குகிறதா? மேலும் கடல் பொங்குவது யாருடைய ஜன்ம நட்சத்திரத்தையும் கேட்டுக்கொண்டு அல்ல.

ஆகவே தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இவற்றில் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வருகிற அமாவாசை கழித்து ஒரு மாதம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ களத்துமேட்டுக்கோ போங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நிலா எங்கே நின்றது, எந்தக் கிரகத்தின் பக்கம் போயிற்று என்று குறியுங்கள். முப்பது நாளில் அந்தப் பிள்ளைக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடும்: நிலா சொன்ன கணக்குப்படி நடக்கிறது, அது யாரையும் கவனித்து நடக்கவில்லை, அதைத் தெரிந்துகொள்ள எவருக்கும் தட்சணை கொடுக்க வேண்டியதில்லை. இது தெரிந்த பிள்ளையை நாளைக்கு எவரும் கட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

வீட்டில் கலியாணப் பேச்சு வந்தால், பையனுக்கு வேலை உண்டா, குடியுண்டா, உடம்பு எப்படி, குணம் எப்படி, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். ஜாதகத்தைக் கேட்காதீர்கள். செவ்வாய் அதன் வழியில் போய்க்கொண்டிருக்கட்டும். நம் வீட்டுப் பெண் அவள் வழியில் போகட்டும்.